நெருப்பு யார் இலாகா?

கேள்வி: தீயணைப்பு வண்டி அரசாங்கத்துடையது. நெருப்பில் நகராட்சிக்கு என்ன வேலை? (திண்டிவனம் வாசகர்)

பதில்: அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆவது அட்டவணையைப் புரட்டுங்கள். நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்கிற 18 வேலைகளில் ஏழாவது, தீயணைப்பு. மும்பையில் வண்டி, ஏணி, ஆள் எல்லாமே மாநகராட்சியுடையவை. தமிழ்நாட்டிலோ அது மாநில அரசுத் துறை. ஆனால் தெரு அகலமும் குப்பை மேடும் உள்ளாட்சியின் கணக்கில்தான் வரும். தீயை அணைத்தவருக்குப் பாராட்டு விழா நடக்கும். பிடிக்காமல் பார்த்துக்கொண்டவருக்கு எந்த ஊரிலாவது மாலை போட்டார்களா?

கேள்வி: எங்கள் தெருவுக்குள் தீயணைப்பு வண்டி நுழையுமா? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: வரைபடத்தில் நுழையும். நேரில் பார்க்க வேண்டுமானால், தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது டிரைவர் உதிர்க்கும் வார்த்தைகளைக் கேளுங்கள். உங்கள் தெருவின் தீப் பாதுகாப்பு பற்றி அதைவிட நேர்மையான ஆய்வறிக்கை கிடைக்காது.

கேள்வி: விதிகளை எப்போதுதான் கண்டிப்பாக அமல்படுத்துவார்கள்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: உங்கள் ஊருக்குத் தெரியாததா? 2004 ஜூலை 16. சமையல் அடுப்பிலிருந்து பள்ளியின் கீற்றுக் கூரைக்குத் தாவிய நெருப்பில் 94 குழந்தைகள் போனார்கள். அதன் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் கீற்றை இறக்கச் சொல்லிக் கெடுபிடி செய்தார்கள். கீற்று எரியும் என்பது அதற்கு முன்பும் எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி: குப்பைக் கிடங்கு தானாகவே தீப்பிடிக்கிறது என்கிறார்களே, நம்பலாமா? (பள்ளிக்கரணை வாசகர்)

பதில்: பாதி நம்பலாம். ஈரக் குப்பை காற்றுப் படாமல் அமுங்கிக் கிடந்தால் மீத்தேன் கிளம்பும். உள்ளுக்குள்ளேயே சூடும் ஏறும். அப்புறம் ஒரு பீடித் துண்டு போதும். சில சமயம் அதுகூட வேண்டாம். 2022 ஏப்ரலில் பெருங்குடியில் பிடித்த தீ நாள் கணக்கில் புகைந்தது. மேலே எவ்வளவு தண்ணீர் பீய்ச்சினாலும் மேல் குப்பைதான் நனையும், அடியில் கனன்றுகொண்டே இருக்கும். பொக்லைனை விட்டுக் கிளறிக் கிளறித்தான் அணைக்க வேண்டும். கொச்சி பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சில் பத்து நாளுக்கு மேல் எரிந்தது. பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மக்கும் குப்பையைத் தனியே வாங்கி உரமாக்குகிற நகராட்சி, பாதித் தீயணைப்பு வேலையை வாசலிலேயே முடித்துவிடுகிறது. நாமோ வாழைப்பழத் தோலையும் பால் கவரையும் ஒரே பையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டு, புகை வரும் நாளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மேயரைத் திட்டுகிறோம்.

கேள்வி: மாடிப்படிக்கு அடியில் மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடலாமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: தாராளமாக. இறங்கி ஓட இன்னொரு படிக்கட்டு இருந்தால்.

கேள்வி: ஓட்டுக் கேட்டு வருகிற கவுன்சிலரிடம் தீப் பாதுகாப்பு பற்றி என்ன கேட்கலாம்? (ஈரோடு வாசகி)

பதில்: தீயணைப்பு வண்டி சுமந்து வருவது சில ஆயிரம் லிட்டர்தான். முழு வேகத்தில் அடித்தால் சில நிமிடங்களில் காலி. "மறுபடி நிரப்ப நம் வார்டில் வண்டி எங்கே போகும்?" என்று கேளுங்கள். மேல்நிலைத் தொட்டியையோ கிணற்றையோ சட்டென்று கை காட்டினால், எந்தக் கட்சியானாலும் ஓட்டுப் போட்டுவிடுங்கள். தலைவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றால், முதலில் உங்கள் வீட்டு மோட்டார் ஓடுகிறதா என்று பாருங்கள்.