ஹார்டு டிஸ்க் பாகப்பிரிவினை: ஆரணியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக்களம்: பட்டுக்குப் பேர்போன ஆரணி வேறு. இது திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. ஆற்றின் பேரே ஊரின் பேர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு போகிறவர்களும், நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகளும் நிறைந்த ஊர். ஆய்வுக்கு வேறென்ன வேண்டும்?

மூலச்சான்று: விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது இதே மாவட்டத்தில், காக்களூரில். அந்த மடிக்கணினியின் ஒரே டிஸ்கில் விண்டோஸுக்கு ஒரு பங்கு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு ஒரு பங்கு. பத்திரம் எழுதியது அரசு. அனுபவ பாத்தியதை யாருக்குப் போனது என்பதை மாணவர்களின் சினிமா ஃபோல்டர்களே சொல்லும்.

பழைய சட்டம்: எம்.பி.ஆர். முறையில் டிஸ்கின் முதல் 512 பைட்டில் பங்குக் கணக்குக்கு 64 பைட்தான். பங்கொன்றுக்கு 16 பைட். ஆக நான்கே பங்கு. ஐந்தாவது வாரிசு வந்தால் ஒரு பங்கை 'எக்ஸ்டெண்டட்' என்று எழுதி, அதற்குள் உள்பங்கு போட வேண்டும். புதிய ஜி.பி.டி. முறையில் 128 பங்கு வரை போடலாம். பங்காளிச் சண்டைக்கு இனிப் பஞ்சமில்லை.

அறிஞர் கருத்து: லினக்ஸ் நிறுவ 'ஒரே பங்கு போதும்' என்பார் ஒரு சாரார். ரூட், ஹோம், வார், டெம்ப் எனத் தனித்தனியாக வேலி போடுவார் மறுசாரார். பின்னவர் வீட்டில் 'வார்' பங்கு லாக் ஃபைல்களால் நிரம்பி, அப்டேட் நடுவழியில் நிற்கும். பக்கத்திலேயே 'ஹோம்' பங்கில் 300 ஜி.பி. தரிசாகக் கிடக்கும். ராமுக்குத் துணையாக ஒதுக்கும் ஸ்வாப் பங்கிலும் தகராறு உண்டு. 'ராம் அளவைப்போல் ஸ்வாப் இரு மடங்கு' என்பது ராம் அரிதாயிருந்த காலத்து வாக்கு. 16 ஜி.பி. ராம் வைத்துக்கொண்டு 32 ஜி.பி. ஸ்வாப் ஒதுக்குவது பக்தியே அன்றி அறிவு ஆகாது. ஹைபர்னேட் செய்வோர் மட்டும் ராம் அளவுக்கு ஸ்வாப் வைப்பது நியாயம்.

நில அளவை: 500 ஜி.பி. என்று வாங்கிய டிஸ்கை விண்டோஸ் 465 என்றே காட்டும். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது. விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. சர்வேயர் மேல் குற்றமில்லை. ஈஎக்ஸ்டி4 வேறு, கேட்காமலே ஐந்து சதவீதத்தை ரூட் பயனருக்கு மானியமாக ஒதுக்கிவிடும். டேட்டா மட்டும் வைக்கும் பங்கில் 'டியூன்2எஃப்எஸ்' கொண்டு அதை மீட்கலாம்.

முடிபு: ஒருவர் மட்டும் புழங்கும் 500 ஜி.பி. டிஸ்குக்கு இ.எஃப்.ஐ. 1, ரூட் 60, ஸ்வாப் 8, ஹோம் 300 ஜி.பி. போதும். ஹோம் தனியே இருந்தால், லினக்ஸை மாற்றிப் போடும்போது கல்யாண போட்டோ தப்பிக்கும்; நிறுவும்போது அந்தப் பங்கை ஃபார்மட் செய்யாதிருந்தால். மிச்சத்தைப் புறம்போக்காக விடுக. எல்.வி.எம். போட்டிருந்தால், எந்தப் பங்கில் இடம் நெருக்குகிறதோ, அதன் பேருக்கு அதைப் பின்னாளில் பட்டா மாற்றிக்கொள்ளலாம்.

பங்கு எத்தனை போட்டாலும் டிஸ்க் ஒன்றுதான். அது போனால் எல்லாப் பங்கும் சேர்ந்தே போகும். ஆகவே பேக்கப்பை வேறொரு டிஸ்கில் எடுத்து வையுங்கள். அதையும் இன்றைக்கே செய்யுங்கள்.