கேட்டால் திறக்கும் கதவு

2004. ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகம். எல்லார் மேசையிலும் விண்டோஸ். என் மேசையில் மட்டும் டெபியன் லினக்ஸ். மென்பொருளைப் புதுப்பிக்கப் போனால் 407 என்ற பிழைதான் வரும். 'நீ யார் என்று சொல்' என்று, இணையத்துக்கு இடையில் நிற்கும் ப்ராக்ஸி கேட்கிறது என்று பொருள். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தேன், ஏற்கவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் என்டிஎல்எம் முறையில் சொன்னால்தான் அதற்குப் புரியும்; என் டெபியனுக்கு அது தெரியாது.

"யார்ட்டண்ணே கேக்கணும்?"

"மெட்ராஸ்லதான் கேக்கணும். கேட்டு யாருக்குத் தம்பி பதில் வந்திருக்கு?"

அரண்மனைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடி, என்டிஎல்எம்ஏபிஎஸ் என்ற சிறிய பைத்தான் நிரலை ஃப்ளாப்பியில் கொண்டுவந்தேன். அது என் கணினியில் 5865ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள வாசலில், நின்று, ப்ராக்ஸியிடம் எனக்காகப் பேசும். புதுப்பிப்பு ஓடத் தொடங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். என் அலுவலகக் கடவுச்சொல் அந்த நிரலின் கோப்பில் அப்படியே எழுத்தாகக் கிடந்தது. அது அன்று உறைக்கவில்லை.

அடுத்தது, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச். அதன் போர்ட் 22, ஃபயர்வாலில் அடைப்பு. ப்ராக்ஸி 443-க்கு மட்டும் நேர்வழி விடும். வங்கித் தளங்கள் போகும் வழி அது. வெளியிலிருந்த சர்வரில் எஸ்எஸ்ஹெச்சை 443-க்கு மாற்றி, கார்க்ஸ்க்ரூ என்ற நிரல் வழியே நுழைந்தேன். இரண்டு வருடம் யாருக்கும் தெரியாமல் ஓடியது.

இன்று ஃபயர்வால் என் பொறுப்பில். போன மாதம் பதிவுகளைப் பார்த்தபோது, 443இல் ஒரே முகவரிக்கு மூன்று நாளாக அறுபடாத ஓர் இணைப்பு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த பாம்பன் பெண்ணின் லினக்ஸ் கணினி அது.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"22-ஐத் திறக்கச் சொல்லி எழுதியிருந்தேன் சார். ரெண்டு வாரமாப் பதிலே இல்லை."

என் அஞ்சல் பெட்டியில் அந்தக் கடிதம் திறக்கப்படாமல் இருந்தது. மெட்ராஸிலிருந்து வராத பதிலை இருபது வருடம் குறை சொன்னவன் நான்.

அவள் ஊரில் 1914 முதல் நின்ற தூக்குப் பாலத்தைக் கப்பல் வந்தால் ஆட்கள் கையால் நெம்பித் திறப்பார்கள். ரயிலுக்காக மூடிய பாலம்தான்; ஆனாலும் கப்பல் கேட்டால் திறக்க ஆள் இருந்தது. 22 என்ற எண்ணே கேட்டு வாங்கியதுதான். பின்லாந்தின் தாத்து இலோனன் 1995 ஜூலையில், தான் உருவாக்கிய எஸ்எஸ்ஹெச்சுக்காக, எண் ஒதுக்குபவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டார், மறுநாளே கொடுத்துவிட்டார்கள்.

ஃபயர்வால் தேவை. திருட்டு வழி உள்ளே இருப்பவரையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளும். ஆனால் பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில்தான் அந்த வழி பிறக்கிறது.

அவளுடைய 443 இணைப்பை அன்றே நிறுத்தச் சொன்னேன். அவள் கணினியிலிருந்து அந்த ஒரு முகவரிக்கு மட்டும், கடவுச்சொல் இல்லாமல் சாவிக் கோப்பால் மட்டும் நுழையச் சொல்லி, 22-ஐ மாலைக்குள் திறந்துவிட்டேன்.