ஜே.கே.பி.க்கு முகம் மாறியபோது

தாம்பரத்தில் ரயில் ஏறுகிறவனுக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். இடம் கிடைத்தவன் வாயை மூடிக்கொண்டு வரமாட்டான். 2003இல் எங்கள் மீட்டர் கேஜ் வண்டியில் இயக்குநர் கே. பாலசந்தர் விஷயம் என்றால் நான்தான் அத்தாரிட்டி. ஏ.ஜி. ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர் அவர். ஃபைல் தள்ளியே காலம் ஓட்டிய எனக்கு அவர்மேல் ஒரு பங்காளி உரிமை.

'சிந்து பைரவி'யின் தொடர்ச்சியாக ஜெயா டிவியில் 'சஹானா' வருகிறது என்றதும், சானடோரியம் தாண்டுவதற்குள் 1985 படத்தை ஆரம்பித்துவிட்டேன். தான் பெற்ற குழந்தையைப் பாடகர் ஜே.கே.பி.யின் மனைவி பைரவி கையில் கொடுத்துவிட்டு சிந்து போகிற கட்டத்தில் எனக்கே தொண்டை அடைத்தது. எதிர் சீட்டுக்காரர் குரோம்பேட்டையிலேயே தூங்கியிருந்தார்.

தொடர் ஆரம்பித்த அன்று பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மனைவியை வாழைக்காய் பஜ்ஜி போடவைத்தேன். ஜே.கே.பி. என்று ஒருவர் வந்தார். படத்தில் அந்த வேஷம் போட்ட சிவகுமார் இல்லை, ஒய்.ஜி. மகேந்திரன். என் பஜ்ஜி பாதி வழியில் நின்றது. பைரவி மட்டும் அதே சுலக்‌ஷணா. அந்தம்மா பாட்டுக்குக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்க, கூச்சப்பட்டவன் நான்தான்.

மறுநாள் ரயிலில், "தலைவர் சறுக்கிட்டார்" என்று தீர்ப்பு சொன்னேன். முடிந்துபோன கதையை எதற்குத் திறக்க வேண்டும் என்று பரங்கிமலை வரை பேசினேன். பதினெட்டு வருஷமாக "அப்புறம் சிந்து என்ன ஆனாள்?" என்று பார்க்கிறவர்களை எல்லாம் நச்சரித்தவன் நானே என்பதை எதிர் சீட்டுக்காரர் ஞாபகப்படுத்தினார். அன்றைக்குப் பார்த்து அவர் தூங்கவில்லை.

கோபத்தில் இயக்குநருக்கே கடிதம் எழுதினேன். முழு வெள்ளைத்தாளில் நான்கு. அஞ்சு ரூபாய் ஸ்டாம்பு போதுமா, கனம் கூடிவிடுமா என்ற சந்தேகத்தில் ஒரு வாரம் போனது. அதற்குள் உறை ரேஷன் கார்டோடு சேர்ந்து எங்கோ போய்விட்டது. தொடரையாவது ஒழுங்காகப் பார்த்தேனா? ஆபீசிலிருந்து வந்து சாப்பிட்டு சாய்ந்தால் டைட்டில் பாட்டு முடிவதற்குள் குறட்டை. மீதியைக் காலையில் இட்லி தட்டோடு மனைவி சொல்வாள். அதை வைத்துத்தான் என் விமர்சனம் எல்லாம். "நேத்து நல்லாத்தான் இருந்துது, நீங்க பாக்கல" என்று அவள் சொன்ன பகுதியை மட்டும் ரயிலுக்குக் கொண்டுபோகமாட்டேன்.

2014 டிசம்பர் 23 அன்று பாலசந்தர் போய்விட்டார். அந்த வாரம் பரணைக் குடைந்ததில் உறை கிடைத்தது. முதல் தாளின் பின்பக்கம் மனைவி கையெழுத்தில் பால் கணக்கு. நான்காவது தாளில், என் கண்டனமெல்லாம் முடிந்து, 'தங்கள் பரம ரசிகன்' என்று கையெழுத்தும் போட்ட பிறகு, அடியில் நெருக்கி ஒரு பின்குறிப்பு:

'நேற்று தூங்கிவிட்டேன். வீட்டிலும் ஊருக்குப் போயிருக்கிறார்கள். என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதவும்.'