நான்கால் வகுபடும் தொலைநோக்கு

வணிகக் கூட்டங்களில் திரையில் காட்டப்படும் ஸ்லைடுகளையே வழவழப்பான ஆர்ட் தாளில் அச்சிட்டு, வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கும் வழக்கத்துக்கு, கண்ணால் கண்டதைக் கையாலும் தொட்டால்தான் நம்பிக்கை பிறக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் எளிதில் புலப்படுவதில்லை. இத்தகைய கையேடுகள் பெரும்பாலும் நடுமடிப்பில் பின் அடிக்கப்படுபவை. ஒரு தாளை இரண்டாக மடித்தால் 4 பக்கங்கள் கிடைப்பதால், மொத்தப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட்டே தீர வேண்டும். நிறுவனத்தின் தொலைநோக்கு 13 பக்கங்களில் முடிந்துவிட்டால், எஞ்சிய மூன்றை நிரப்பும் பொறுப்பு தலைவரின் புன்னகைக்கும், இருவர் கைகுலுக்கும் படத்துக்கும், ‘குறிப்புகள்’ என்ற தலைப்பின்கீழ் வரும் வெறுங்கோடுகளுக்கும் போய்ச் சேருகிறது. கூட்டத்தில் மிகுதியாகப் பயன்படுவது அந்தக் கோடிட்ட பக்கமே என்பது வேறு செய்தி.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலந்து நிறம் காட்ட, அச்சகமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளை நம்பியிருப்பதால், திரையில் பளிச்சிட்ட வளர்ச்சிக் கோட்டின் பச்சை தாளில் சற்றே வாடிவிடுகிறது. கையேட்டில் உண்மைக்கு மிக அருகில் வருவது அதுவாகவும் இருக்கலாம். பவர்பாயிண்டைக் கடுமையாக விமர்சித்து 2003-இல் எழுதிய எட்வர்ட் டஃப்டி, ஒரே பெரிய தாளை மடித்து 4 பக்கங்களாகக் கொடுத்தாலே போதும் என்பவர். அதற்கு அட்டையும் லேமினேஷனும் தேவைப்படாது என்பதாலோ என்னவோ, அந்த யோசனை பரவலாக எடுபடவில்லை.