முத்தோரையில் இரைச்சல் களையும் முறை

களை எது, பயிர் எது என்பதை விதைத்தவர்தான் சொல்ல முடியும். ரேடியோவிலும் அப்படித்தான். அட்லாண்டிக்கைக் கடக்கும் தொலைபேசிப் பேச்சைக் கெடுத்த இரைச்சலைத் துரத்திக்கொண்டு போன கார்ல் ஜான்ஸ்கி, அது பால்வீதியிலிருந்து வருகிறது என்று 1933-இல் அறிவித்தார். அவருடைய களைதான் வானொலி வானியலாருக்குப் பயிர் ஆயிற்று.

நீலகிரியில் அந்தப் பயிர் விளையும் இடம் ஊட்டியை அடுத்த முத்தோரை. அங்கே மலைச்சரிவு ஏறத்தாழ 11 பாகை சாய்ந்திருக்கிறது. ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. கோவிந்த் ஸ்வரூப் இந்தப் பொருத்தத்தைப் பிடித்துக்கொண்டார். சரிவின் மேல் வடக்கு தெற்காக 530 மீட்டர் நீளத்துக்குத் தொலைநோக்கியைக் கிடத்தினால், அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடும். ஒரே அச்சில் உருட்டி, ஒரு விண்மீனை ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இந்தத் தொலைநோக்கி 1970-இல் இயங்கத் தொடங்கியது.

தொலைநோக்கியின் அடியில் நின்று நிமிர்ந்தால் அதன் பிரதிபலிப்புப் பரப்பினூடே வானம் தெரியும். 30 மீட்டர் அகலத்தில் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 3 செ.மீ. இடைவெளி. வரும் அலையின் நீளமோ 92 செ.மீ. அந்த அலைக்கு இது ஓட்டையே இல்லாத தகடு. குவிந்த அலையை 1,056 டைபோல் ஆன்டெனாக்கள் வாங்கிக்கொள்கின்றன. கூடவே ஊரில் ஓடும் மோட்டாரின் பொறி, மின்கம்பியின் கசிவு, மலிவான சார்ஜரின் கரகரப்பு எல்லாம் பக்கவாட்டில் நுழைந்துவிடும்.

முதல் வேலை, வந்ததை எண்ணாக்கி, ஃபூரியே முறையில் நூற்றுக்கணக்கான அலைவரிசைத் துண்டுகளாகப் பிரிப்பது. அடுத்தது, 'சாதாரணம்' எது என்று தீர்மானிப்பது. இங்கே சராசரியை நம்பக்கூடாது. ஒன்பது அளவுகள் 5, பத்தாவது 500 என்றால் சராசரி 54.5, இடைநிலை அளவு 5-தான். அதனால் இடைநிலையை வைத்து, அதிலிருந்து வெகுதூரம் விலகியதை ஒதுக்குகிறார்கள். ஒதுக்குவதற்கும் விலை உண்டு: பத்தில் ஒரு பங்கு துண்டுகளை எறிந்தால் நுண்ணுணர்வு ஐந்து சதவீதம் குறையும். மூர்க்கமாக வெட்டினால் உண்மையான துடிப்பும் குப்பைக்குப் போகும். கை தயங்க வேண்டிய இடம் இது.

என்னை மிகவும் கவர்ந்தது அடுத்த சோதனை. துடிப்பு விண்மீனான வேலா பல்சார் 89 மில்லிவினாடிக்கு ஒரு முறை துடிக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஒளியாண்டு வழியில் எலக்ட்ரான்களைக் கடந்து வருவதால், அந்தத் துடிப்பின் தாழ்ந்த அதிர்வெண்கள் பின்தங்கிவிடுகின்றன. 327 மெகாஹெர்ட்ஸை ஒட்டி 16 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் கேட்டால், மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் கிட்டத்தட்ட கால் வினாடி வித்தியாசம். கீழ்ப்பகுதி வந்து சேர்வதற்குள் மேலே இன்னும் இரண்டு துடிப்புகள் வந்துவிடும்! அப்படியே கூட்டினால் எல்லாம் குழம்பிக் கரைந்துபோகும். ஒவ்வொரு துண்டையும் அதனதன் தாமத அளவுக்குப் பின்னிழுத்துக் கூட்டினால் துடிப்பு கூர்மையாக எழும். அதே கணக்கில் மோட்டார் பொறி சிதறிப்போகும். பக்கத்து ஊரிலிருந்து வந்ததால் அதன் எல்லா அதிர்வெண்களும் ஒரே கணத்தில் வந்தவை. நெடுந்தூரம் நடந்து வந்தவரைக் காலில் படிந்த புழுதி காட்டிக்கொடுப்பது போல, விண்ணிலிருந்து வந்ததை அதன் தாமதம் காட்டிக்கொடுக்கிறது.

புழுதியையும் பொய்யாகப் பூசிக்கொள்ள முடியும். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில், தாமதத்தோடு வந்த சில துடிப்புகள் பல ஆண்டுகள் ஆராய்ச்சியாளர்களைத் திணறடித்தன. அடுப்பு ஓடி முடிவதற்குள் யாரோ மைக்ரோவேவ் கதவைத் திறந்ததுதான் காரணம் என்று 2015-இல் தெரிந்தது. அவை விண்ணிலிருந்து வந்தவை அல்ல என்ற ஐயம் அதற்கு முன்பே எழுந்திருந்தது: வானில் ஒரு புள்ளியிலிருந்து வரும் துடிப்பு அந்தத் தொலைநோக்கியின் வெவ்வேறு திசை பார்க்கும் 13 கற்றைகளில் ஒன்றிரண்டில்தான் விழும், இவையோ பதின்மூன்றிலும் ஒருசேர விழுந்தன.