லீயும் லியும் சித்தப்பாவும்

குடும்பத்துக்கு ஒரு குங்ஃபூ சித்தப்பா உண்டு. உங்கள் வீட்டில் இல்லையென்றால் தேடிப் பாருங்கள், மாமா என்ற பெயரில் ஒளிந்திருப்பார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் காபி டம்ளரை எடுக்கும்போது மட்டும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிறை போல வளைந்து நிற்கும். 1978இல் வந்த 'ட்ரங்கன் மாஸ்டர்' படத்தில் கிழட்டு குரு ஜாக்கி சானுக்குச் சொல்லிக்கொடுத்த குடிகார முஷ்டி அது. கண்ணுக்குத் தெரியாத மதுக் கோப்பையைப் பிடித்திருப்பதாகப் பாவனை. எங்கள் சித்தப்பாவுக்குச் சாராய வாசனையே ஆகாது. காபியில் சர்க்கரைகூடக் கிடையாது, சித்தி போடுவதில்லை.

அவர் இளவட்டமாக இருந்த காலத்தில் ஊர்க் கொட்டகையில் இந்தக் குங்ஃபூ படங்களுக்கு 'இங்கிலீஷ் படம்' என்று பெயர். எடுத்தது ஹாங்காங்கில். நடித்தவர்கள் சீனர்கள். டப்பிங்கில் வந்தது ஆங்கிலம். திரையில் வாய் நாலு தடவை அசையும், "நோ" என்று ஒரே ஒரு சொல் கேட்கும். வாயை மூடிய பிறகு மிச்ச வசனம் வந்து சேரும். அந்தக் காலத்தில் ஹாங்காங்கிலேயே படத்தை ஒலியில்லாமல் எடுத்துவிட்டு, பேச்சையும் அடிச் சத்தத்தையும் பிறகுதான் சேர்ப்பார்கள். "சீனாக்காரனுக்கே அது டப்பிங் படம்தான்டா. அதனால எல்லாருக்கும் பொது" என்பார் சித்தப்பா. இந்த ஒரு விஷயத்தில் அவரை மறுக்க முடியவில்லை.

புரூஸ் லீ 1973 ஜூலையில், 32 வயதில் இறந்துபோனார். 'என்டர் தி டிராகன்' திரைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். ஆள் போனாலும் வசூல் போகக் கூடாதே! முகச்சாயல் உள்ளவர்களைப் பிடித்து வந்து புரூஸ் லி, புரூஸ் லே, டிராகன் லீ என்று பெயர் சூட்டிப் படங்களை எடுத்துத் தள்ளினார்கள். அதில் ஒன்றுக்குச் சித்தப்பா முதல் ஆளாக வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியிருக்கிறார். "சுழியைக் கவனிக்கலைடா" என்று இன்றைக்கும் வருந்துவார். குறில் நெடில் பாடத்தில் தூங்கியவருக்கு வேறெங்கும் இவ்வளவு கடுமையான தண்டனை கிடைத்திருக்காது.

சண்டையைப் பற்றி அவருக்குத் தீர்மானமான கருத்து உண்டு. உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை திரையில் தெரிய வேண்டும், நாலைந்து அடிக்காவது வெட்டு விழக் கூடாது. "இப்போ எடுக்கிறான் பாரு, கை ஒரு இடத்துல, மூக்கு ஒரு இடத்துல. சண்டை போடுறது எடிட்டர்தான்டா."

ஆனால் அவர் உண்மையில் உருகுவது சண்டைக்கு அல்ல, பயிற்சிக்கு. ஷா பிரதர்ஸ் எடுத்து லாவ் கார்-லியுங் இயக்கிய 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' (1978) தான் அவருக்கு வேதம். குங்ஃபூ கற்றுப் பழிதீர்க்க வந்த இளைஞன் மொட்டை அடித்துக்கொள்கிறான். படத்தின் பெயரில் 36 இருந்தாலும், ஷாவோலின் மடத்தில் மொத்தம் 35 பயிற்சி அறைகள்தான். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவதற்கே, தண்ணீரில் மிதக்கும் கட்டைமேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும். விழுந்தால் நனைந்த உடுப்போடு திரும்ப வேண்டியதுதான். படத்தின் நடுப்பகுதி முழுக்க இந்தப் பாடுதான். ஒவ்வொரு அறையிலும் எவ்வளவு அடிபட்டானோ அவ்வளவு தேறுகிறான், கணக்கு பிசகுவதே இல்லை. சித்தப்பா முப்பது வருஷம் ஒரே அலுவலகத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவர். அங்கே யாரும் அவரை அடுத்த அறைக்குப் போகச் சொல்லவில்லை. அந்தப் படத்தை அவர் இருபது தடவையாவது பார்த்திருப்பார்.

எனக்குப் பத்து வயதில் நானும் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டுவிட்டேன். இரண்டு வாளியைக் கொடுத்தார். தோளுக்கு நேராகக் கையை நீட்டி, கைக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாயிலிருந்து நடந்து வர வேண்டும். படத்தில் முழங்கை தாழ்ந்தால் விலாவில் குத்தும்படி கையில் கத்தி கட்டியிருப்பார்கள். சித்தி காய் நறுக்கிக்கொண்டிருந்ததால் எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. கோடை முழுவதும் சுமந்தேன். ஒரு குத்துகூடக் கற்றுக்கொடுக்கவில்லை, அவர்கள் வீட்டுத் தொட்டி மட்டும் தளும்பி நின்றது.

போதிதர்மர் பேச்சை மட்டும் அவரிடம் எடுக்கக் கூடாது. "நம்ம காஞ்சிபுரத்து ஆளு சீனாவுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்ததுடா குங்ஃபூ" என்று, 2011இல் போதிதர்மர் வரும் 'ஏழாம் அறிவு' படம் வந்தபோது தெருவுக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தார். போதிதர்மரையும் ஷாவோலின் சண்டைக் கலையையும் இணைக்கும் கதை பதினேழாம் நூற்றாண்டு வாக்கில்தான் தலைகாட்டுகிறது என்று ஆய்வாளர்கள் சொல்வதை நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், குங்ஃபூ படங்களில் வரும் வெள்ளைப் புருவ வில்லன் பாய் மெய் போல, இல்லாத தாடியைத் தடவிக்கொண்டு வந்து, "ஆய்வாளன் எந்த அறையிலடா படிச்சான்?" என்று கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகனை உட்காரவைத்து அந்த 36ஆவது அறையைப் போட்டுக் காட்டியிருக்கிறார். நேற்றுச் சாயங்காலம் பார்க்கிறேன், பயல் இரண்டு கையையும் விறைப்பாக நீட்டி, வாளிகளோடு தெருவில் வருகிறான், முகத்தில் அப்படி ஒரு வைராக்கியம். விசாரித்தேன். சித்தப்பா வீட்டு மோட்டார் கெட்டு மூன்று நாள் ஆகிறதாம்.