குழாயில் வந்த நீலம்

1986-ல் உசிலம்பட்டியில் எங்கள் அடுப்படி ஜன்னலில் ஒரு ஸ்பிரிட் விளக்கும், பக்கத்தில் நீலத் தண்ணீர் நிறைந்த ஒரு புட்டியும் இருக்கும். பெனடிக்ட் கரைசல். தினமும் காலையில் அத்தை அதைச் சோதனைக் குழாயில் ஊற்றி, அப்பத்தாவின் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டு, இடுக்கியில் பிடித்துக் காய்ச்சுவாள். நிறம் மாறாமல் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் அன்று முழுக்க அப்பத்தாவின் தட்டின் மேலேயே எல்லோருக்கும் கண். நீலம் வந்த நாளில் வீடே சந்தோஷமாக இருக்கும்.

அத்தைக்கு இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொடுத்தவர் தெருமுனை டிஸ்பென்சரி கம்பவுண்டர். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைப்பது, குமிழி இல்லாமல் மருந்தை இழுப்பது, தொடையில் குத்துவது. அரை மணி நேரப் பாடம். கிளம்பும்போது, “என்ன ஆனாலும் ஊசியை மட்டும் நிறுத்திடாத தாயி” என்றார்.

அத்தை நிறுத்தவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு அப்பத்தா விரதம். காலையில் குழாயில் நீலம். வழக்கம்போல ஊசி. பத்து மணிக்கு அப்பத்தாவுக்கு வேர்த்துக் கொட்டியது; கை நடுங்கியது; பேச்சு குழறியது. விரத மயக்கம் என்று விசிறினார்கள், திருநீறு பூசினார்கள். பூஜைக்குக் கரைத்த பானகம் சொம்பு நிறைய இருந்தது. சர்க்கரைக்காரிக்கு ஆகாது என்று அதைத் தள்ளி வைத்தார்கள். மதியத்துக்கு மேல்தான் மதுரைக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் அப்பத்தா போய்விட்டாள்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். 170 என்றாலும் குழாயில் நீலம்தான், 50 என்றாலும் நீலம்தான். இதை அத்தைக்கு யாரும் சொல்லவில்லை. சாப்பாடு இல்லாத நாளில் ஊசியை என்ன செய்வது என்றும் சொல்லவில்லை. ‘நானே கொன்னுட்டேன்’ என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அதை அவள் இருக்கும்போதே நான் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது அம்மாவுக்கு 81 வயது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இதய பலவீனம். முதலில் வேலைக்கு வந்த பெண் பாசமானவள். குளிப்பாட்டுவதிலும் ஊட்டுவதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டே மாதத்தில் அம்மாவின் சர்க்கரை 300-ஐத் தாண்டியது. டாக்டர் இன்சுலினை 12 யூனிட்டிலிருந்து 20 ஆக்கினார். அடுத்து வந்தவள் முதியோர் பராமரிப்புக்கென்றே பயிற்சி எடுத்தவள். வந்த அன்றே மருந்துப் புட்டியை ஒரு கையிலும் சிரிஞ்சை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அண்ணே, புட்டியில மில்லிக்கு நாப்பது யூனிட்டுன்னு போட்டிருக்கு. இந்த சிரிஞ்சு மூடி ஆரஞ்சு, நூறுக்கு உள்ளது. நாப்பதுக்குச் சிவப்பு மூடிதான் வாங்கணும்.”

ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தாலும் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். கடைக்கு ஓடச் சட்டையை மாட்டினேன். “இருங்கண்ணே, முதல்ல டாக்டருக்குப் போன் போடுங்க. சரியான சிரிஞ்சுல இருபது போட்டா அம்மாவுக்குத் தாங்காது” என்றாள். டாக்டர் அளவைக் குறைத்த பிறகுதான் சிரிஞ்சு மாறியது.

அவளிடம் ஒரு நோட்டு உண்டு. காலை எடை அதில் ஏறும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் நீர் கோக்கிறது என்று டாக்டருக்குச் சொல்வாள். அம்மாவின் கால் விரல் இடுக்கை தினமும் விரித்துப் பார்ப்பாள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்துத்தான் பிரஷர் பார்ப்பாள். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருப்பது: ‘70-க்குக் கீழே: மூணு ஸ்பூன் சர்க்கரை, தண்ணியில. 15 நிமிசம் கழிச்சு மறுபடி பாக்கணும். மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தக் கூடாது, ஆஸ்பத்திரி.’ தட்டில் இட்லி வந்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்பாள். ஆடிக் கிருத்திகை விரதம் என்று அம்மா சொன்னதும், முதல் நாளே டாக்டரைக் கேட்டு வைத்துவிட்டாள்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அத்தை காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். ஆனால் அவர்கள் வந்துபோன பிறகு மிச்ச நேரமெல்லாம் பக்கத்தில் இருப்பது மகளோ மருமகளோ சம்பளத்துக்கு வந்த பெண்ணோதான். ராத்திரி இரண்டு மணிக்கு வேர்ப்பது அவர்கள் கண்ணில்தான் படும். பயிற்சி அவர்கள் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். பயிற்சி எடுத்தவளுக்கும் ஆயா சம்பளமே கொடுப்பது அநியாயம்.

பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தப் பெண்ணையும் கூட்டிப் போங்கள். வெளியே நிற்க வைக்காமல் உள்ளே உட்காரவையுங்கள். கேட்க வேண்டியதை அவளே டாக்டரிடம் கேட்கட்டும்.